சென்சாருக்குப் போட்ட சாம்பிராணி

லோதி ரோடு பக்கம் அந்தக் கட்டுமான சைட்டின் வாசலில் ஒரு மின்பலகை தொங்கியது. பழைய அரசாங்கக் குவார்ட்டர்ஸை இடித்துத் தள்ளிவிட்டு அடுக்குமாடி எழுப்புகிற கம்பெனி மாட்டிய பலகை. இந்த இடத்துக் காற்றில் இந்த நிமிஷம் எவ்வளவு தூசி என்று அது ஊருக்குச் சொல்ல வேண்டும், சட்டம் அப்படி. அக்டோபர் பிறந்துவிட்டால் டில்லிக்காரன் மூக்கைச் சிந்திவிட்டுக் கைக்குட்டையைப் பார்க்கவே பயப்படுவான். நகரம் முழுக்க இருநூறு, முந்நூறு என்று ஏறிக்கொண்டிருக்கும்போது இந்தப் பலகையில் மட்டும் பச்சை எழுத்தில் நாற்பத்திரண்டு. மறுநாள் நாற்பது. செங்கல் பொடி பறக்கும், சிமெண்டு பறக்கும், பலகைக்குக் கீழே வாட்ச்மேன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இருமுவான். அவன் தலைக்கு மேலே நாற்பத்தொன்று. இப்படியும் ஒரு வெட்கங்கெட்ட பொய் உண்டா!

ஒட்டினாற்போல் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் அந்தச் சைட்டுக்குக் 'கொடைக்கானல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவள் எவாஞ்சலின். பிரைமரி பிரிவு அவள் பொறுப்பு. பாளையங்கோட்டைக்காரி, டில்லிக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் வாய் மட்டும் தாமிரபரணிக் கரையிலேயே இருந்தது. "இன்னைக்குக் கொடைக்கானல்ல முப்பத்தொம்பதாம். எல்லாரும் சுவெட்டர் கொண்டாந்தியளா?" என்று காலையில் ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைவாள். சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆகும்.

பலகைதான் சிரிப்பு. மதில் சிரிப்பு இல்லை. பள்ளிக்கும் சைட்டுக்கும் நடுவே இருந்தது பழைய காலத்து ஒற்றை மதில். அதன் அந்தப் பக்கம் மல்பா. இடித்த வீட்டின் மிச்சம் மீதிக்கு டில்லியில் அதுதான் பெயர். உடைந்த செங்கல், காரைக் கட்டி, முறுக்கிய கம்பி, யார் வீட்டுச் சமையலறைச் சுவரிலோ இருந்த நீல டைல்ஸ், பாதி வாஷ்பேசின். இதையெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி, உடனுக்குடன் லாரியில் ஏற்றி, அதற்கென்று இருக்கும் மறுசுழற்சி ஆலைக்கு அனுப்ப வேண்டும். கம்பெனி என்ன செய்தது? ஜே.சி.பி.யை விட்டு மதிலோரம் தள்ளியது. தள்ளிக்கொண்டே இருந்தது. குவியல் மதிலைத் தாண்டி எட்டிப் பார்த்தது. பாரம் தாங்காமல் மதில் பள்ளி மைதானத்தின் பக்கம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. நடுவில் மேலிருந்து கீழ்வரை விரல் நுழைகிற விரிசல்.

அந்த வயிற்றுக்குக் கீழேதான் எல்.கே.ஜி. பிள்ளைகள் டிபன் டப்பாவைத் திறப்பார்கள். பள்ளிக்கு இருப்பதே அந்தக் கைக்குட்டை அளவு மைதானம், அதில் நிழல் விழுகிற இடமும் அது ஒன்றுதான். ஆயா வீராயி மதிலுக்கு முன்னால் ஒரு கயிற்றைக் கட்டி, "இத்தத் தாண்டுனா முட்டிக்கால் போட வெப்பேன்" என்று காவல் நின்றாள். வீராயிக்குப் பூர்வீகம் கள்ளக்குறிச்சிப் பக்கம். சாக்கடை நாலாக் கரையில் இருக்கும் குடிசை வரிசையில் மகன், மருமகள், பேத்தியோடு குடியிருந்தாள். பிள்ளைகளைத் திட்டிக்கொண்டேதான் சோறு ஊட்டுவாள். ஆனால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் உருண்ட பந்தை எந்தப் பிள்ளையையும் எடுக்க விட்டதில்லை. தானே ஓடிப் போய் எடுத்து வருவாள்.

மதிலைப் பற்றி எவாஞ்சலின் முறையிட்ட இடம் வேதாந்தம். மத்திய அரசில் கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு அதே மாதிரி கட்டடம் கட்டுகிற இந்தக் கம்பெனியில் வந்து உட்கார்ந்துவிட்டார். பதவிக்குப் பெயர் சுற்றுச்சூழல் ஆலோசகர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணம், சட்டைப் பையில் இரண்டு பேனா. கூட்டம் போட்டால் பூமித்தாயைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார், கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். அடுத்த மாதம் அவருடைய சைட்டுக்கு 'பசுமைத் தளம்' என்று ஒரு கேடயம் வரப் போகிறது. கேடயத்தை வைக்க அவர் கேபினில் இப்போதே ஒரு பலகை அடித்து வைத்திருந்தார்.

"சார், மதிலு சாஞ்சிட்டு இருக்கு. பிள்ளைய இருக்க எடம். மல்பாவ எடுங்க" என்பாள் எவாஞ்சலின்.

"மல்பா தானேம்மா? பண்ணிடலாம்."

"எப்ப சார்?"

"பண்ணிடலாம். நம்ம தமிழ் ஸ்கூல். பண்ணாம இருப்பேனா?"

ஒவ்வொரு முறையும் இதே பேச்சு. 'முடியாது' என்று சொல்கிறவனோடு சண்டை போடலாம். 'பண்ணிடலாம்' என்று சொல்கிறவனை என்ன செய்வது? வாய் நிறையத் தேன். கை மட்டும் மடியை விட்டு அசையாது. ஸ்டாஃப் ரூமில் எவாஞ்சலின் அவரை மாதிரியே தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, "பண்ணிடலாம்மா" என்று செய்து காட்டுவாள். வீராயிகூட வாசலில் நின்று பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

ஆயுத பூஜை வந்தது. மறுநாள் விஜயதசமி. பள்ளியில் அன்றைக்குத்தான் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள். சரோஜினி நகர், கிட்வாய் நகர் எல்லா இடத்திலிருந்தும் அப்பா அம்மாக்கள் மூன்று வயசுக் குழந்தையை மடியில் வைத்து, தாம்பாளத்துப் பச்சரிசியில் 'அ' எழுத வைப்பார்கள். அந்தக் கூட்டம் உட்கார அதே மைதானம்தான், அதே நிழல்தான். ஒரு கயிற்றை நம்பி அத்தனை குஞ்சு குளுவான்களையும் உட்கார வைக்க எவாஞ்சலினுக்கு மனசு ஒப்பவில்லை. ஆகவே, வேதாந்தம் ஆள் அனுப்பி, 'நம்ம ஆத்துப் பூஜை மாதிரி, அவசியம் வரணும்' என்று கூப்பிட்டபோது உடனே கிளம்பினாள். சாமி வேறாக இருக்கலாம். மதில் ஒன்றுதான். சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே கழுத்தைப் பிடிக்கலாம் என்பது கணக்கு.

அந்தச் சைட்டில் ஆயுதங்களுக்கு ஏற்கெனவே ஒரு பூஜை நடந்து முடிந்திருந்தது. பீகார்க்காரர்களும் உ.பி.க்காரர்களும் போன மாதமே விஸ்வகர்மா பூஜை என்று கலவை இயந்திரத்துக்கு மாலை போட்டு, வெட்டவெளியில் ஊதுவத்தி கொளுத்தி, லட்டு கொடுத்துவிட்டார்கள். அதில் வேதாந்தத்துக்குத் திருப்தி இல்லை. "அவா வழக்கம் அவாளுக்கு. நம்ம கருவிக்கு நாமதானே பண்ணணும்?" என்று தன்னுடைய ஏ.சி. கேபினுக்குள் தனியாக ஒன்று ஏற்பாடு செய்தார். வாசலில் இரண்டு வாழை மரம். உள்ளே சரஸ்வதி படம். மேஜை மேல் லேப்டாப், நிலம் அளக்கிற தொலைநோக்கி, மஞ்சள் ஹெல்மெட், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். நடுநாயகமாக ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்கு மட்டும் ரோஜா மாலை.

"இது என்ன சார் பெட்டி?"

"இதா? இதுதான் சென்சார். தூசியை அளக்கறது. வாசல்ல இருக்கே போர்டு, அதுக்கு நம்பர் இங்கேருந்துதான் போறது. சர்க்காருக்கும் நேரா போயிடும், ஆன்லைன்ல."

எவாஞ்சலின் பெட்டியைப் பார்த்தாள். ஜன்னல்களைப் பார்த்தாள், எல்லாம் ரப்பர் வைத்து அடைத்திருந்தது. மூலையில் பீரோ உயரத்துக்கு நின்ற காற்று சுத்திகரிப்பானைப் பார்த்தாள். அது சென்சாரின் முகத்துக்கு நேராகவே ஊதும்படி வைத்திருந்தது. அட, கொடைக்கானலே!

"வெளியில வைக்காண்டாமா சார், தூசி இருக்க எடத்துல?"

"வெளியிலயா? வெயில், மழை, போறாததுக்குக் குரங்கு வேற. பிச்சு எறிஞ்சுடும். டெலிகேட் இன்ஸ்ட்ருமெண்ட்மா இது" என்றார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல். "சுவாமி மாதிரி உள்ளயே வெச்சுண்டிருக்கேன்."

குரங்கின் மேல் பழி. லோதி ரோட்டுக் குரங்குகள் என்னென்னவோ திருடும், ஆனால் இந்த மனிதர் அளவுக்குத் துணிந்து திருடினதில்லை. எவாஞ்சலின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இன்றைக்குக் காரியம் மதில். சிரிப்பை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பூஜை ஆரம்பமாயிற்று. தீபம் அணைகிறது என்று ஏ.சி.யை நிறுத்தினார்கள். சரஸ்வதியைச் சுற்றி சீரியல் லைட் போட பிளக் பாயிண்ட் போதவில்லை. சைட் எஞ்சினியர் ஜெயகிருஷ்ணன், பாவம், எது கிடைத்ததோ அதைப் பிடுங்கினார். அவர் பிடுங்கியது சுத்திகரிப்பானின் வயர். வேதாந்தத்தின் மனைவி ராஜம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிக் கொடுத்தனுப்பிய அசல் சாம்பிராணி. கரி கனிந்ததும் வேதாந்தம் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டார். புகை குபுகுபுவென்று கிளம்பியது. படத்துக்குக் காட்டினார், லேப்டாப்புக்குக் காட்டினார்.

"ஓய் ஜெயகிருஷ்ணன், சென்சாருக்கும் காட்டும்! நன்னா, கிட்டக்க! நமக்குக் கேடயம் வாங்கித் தரப் போறது அதுதானே!"

ஜெயகிருஷ்ணன் தூபக்காலைப் பெட்டியின் வாய்க்கு நேராகப் பிடித்து மூன்று சுற்றுச் சுற்றினார். இன்னொரு பிடி சாம்பிராணி விழுந்தது. கேபினுக்குள் ஆள் முகம் ஆளுக்குத் தெரியவில்லை. எவாஞ்சலின் கண்ணைக் கசக்கிக்கொண்டு சுண்டல் கிண்ணத்தைத் தேடினாள்.

கதவு தடதடவென்று இடிபட்டது. வாட்ச்மேன். "சாப்! போர்டு லால் ஹோ கயா, சாப்!"

பலகை சிவந்துவிட்டதாம். எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். பிறந்த நாளிலிருந்து பச்சையைத் தவிர வேறு நிறம் அறியாத பலகை ரத்தச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுநூற்றைம்பது. கடைசியில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் போய் நின்றது. அதற்கு மேல் காட்ட அந்தப் பலகைக்கு எண் இல்லை. தெருவில் போன ஆட்டோக்காரன் நிறுத்தி போட்டோ எடுத்தான். கூத்தைக் கேட்டீர்களா? காலனியையே இடித்துப் பொடியாக்கினபோது நாற்பது. சாமிக்கு இரண்டு பிடி சாம்பிராணி போட்டதும் தொள்ளாயிரம்.

அவ்வளவுதான், வேதாந்தத்தின் போன் கிணுகிணுத்தது. சர்க்காரின் கம்ப்யூட்டர், மனிதர் யாரையும் கேட்காமல், தானே தடை உத்தரவு அனுப்பிவிட்டது. எல்லா வேலையும் நிறுத்தம். தோண்டக் கூடாது, இடிக்கக் கூடாது, மல்பாவை ஏற்றவோ இறக்கவோ கூடாது. நாளை காலை அதிகாரி நேரில் வருவார்.

வேதாந்தத்துக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? திருஷ்டி. "எவன் கண்ணோ பட்டுடுத்து!" என்று, குங்குமம் தடவி வைத்திருந்த பூசணிக்காயை எடுத்து வாசலில் போட்டு உடைத்தார். பலகை இறங்கவில்லை.

எவாஞ்சலின் மதிலைப் பற்றி வாயைத் திறக்காமலே பள்ளிக்குத் திரும்பினாள். அவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். இனிமேல் மல்பாவை எடுக்கச் சொன்னால், 'அரசாங்கமே எடுக்கக் கூடாதுன்னுடுத்தேம்மா' என்று கையை விரிப்பார். காற்றைக் காப்பாற்றப் போட்ட உத்தரவு, பிள்ளைகள் தலைமேல் நிற்கிற குவியலை நகர்த்தாதே என்கிறது. பந்தல்காரன் மைதானத்தில் கம்பு நட்டுக்கொண்டிருந்தான். மதில் அவனையே பார்த்துச் சாய்ந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரத்தில் வேதாந்தமே வந்தார். நெற்றி ஸ்ரீசூர்ணம் வியர்வையில் வழிந்து சட்டைக் காலரில் இறங்கியிருந்தது. எல்.கே.ஜி. பெஞ்சில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒரு ஒத்தாசை. நாளைக்கு அந்த அம்மா வருவா, இன்ஸ்பெக்ஷனுக்கு. சாம்பிராணின்னு சொன்னா, சென்சார் ஏன் உள்ளே இருந்ததுன்னு கேப்பா. தூசின்னு ஒத்துண்டா அபராதம், கேடயமும் போச்சு. நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போறும். ஸ்கூல்ல காஞ்ச எலையெல்லாம் குவிச்சுக் கொளுத்தினோம், அந்தப் புகைதான்னு."

"எங்க ஸ்கூல்லயா?"

"பிரைமரி ஸ்கூல். யாரும் ஒண்ணும் பண்ண மாட்டா. மாலி தெரியாம கொளுத்திட்டான்னுடுங்கோ."

மனிதனின் நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள்! குரங்கு ஆயிற்று, கண் திருஷ்டி ஆயிற்று, இப்போது பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரன். எவாஞ்சலினுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் ஜன்னல் வழியே மதில் தெரிந்தது. அவள் நாக்கை மடக்கிக்கொண்டாள்.

"மொதல்ல மல்பாவ எடுங்க சார். பெறவு பேசுவோம்."

"தடை இருக்கேம்மா. ஒரு கூடைகூட அசைக்கப்படாதுன்னு..."

"அப்பம் நான் என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியலியே."

வேதாந்தம் அவளையே பார்த்தார். தலையைச் சாய்த்தார். கண்ணை மூடினார். "பண்ணிடலாம்" என்றார்.

அன்றைக்கு உண்மையாகவே பண்ணினார். ஆள் நினைத்தால் எவ்வளவு ஜல்தியாகக் காரியம் நடக்கிறது என்று பார்க்க வேண்டுமே! சட்டம் எடுக்கச் சொன்ன நாளெல்லாம் எடுக்கவில்லை. எடுக்காதே என்று சொன்ன நாளில் பிற்பகலே மூன்று டம்பர் லாரி வந்தது. ஜே.சி.பி. உறுமியது. செங்கல், நீல டைல்ஸ், பாதி வாஷ்பேசின் எல்லாம் வாரி ஏற்றினார்கள். போகிற போக்கில் கேபின் வாசல் வாழை மரங்களையும், உடைந்த பூசணிக்காயையும், வாடிய ரோஜா மாலையையும் மேலே வீசினார்கள். டம்பர்கள் வரிசையாகக் கிளம்பின. பள்ளி கேட்டில் நின்ற எவாஞ்சலின், போகிற வண்டிக்குக் கையசைக்காத குறைதான்.

பாரம் போனதும் மதில் பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. பந்தல்காரனை விட்டே கம்புகளால் முட்டுக் கொடுக்கச் செய்தாள். வீட்டுக்குப் போய்ப் புருஷன் பிராங்ளினிடம் ஆதியோடந்தம் சொல்லி, வேதாந்தம் மாதிரி கண்ணை மூடிக் காட்டினாள். "நாளைக்கு அந்த ஆளுக்காகப் பொய் சொல்லுவியாடி?" என்று பிராங்ளின் கேட்டான். "நான் சொல்லுதேன்னு எங்க சொன்னேன்? பேசுவோம்னுதான் சொன்னேன். பேசத்தான் போறேன்" என்றாள். அவளுக்கு அன்றைக்குத் தன் சாமர்த்தியத்தின் மேல் அப்படி ஒரு காதல்.

விஜயதசமிக் காலையில் மைதானம் நிரம்பிவிட்டது. பட்டுப்பாவாடைகள், அழுகை, அரிசித் தாம்பாளம், "எழுதுடா கண்ணா, ஜல்தி" என்று கெஞ்சும் அம்மாக்கள். நிழலில், முட்டுக் கொடுத்த மதிலுக்குக் கீழே, பிள்ளைகள் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வீராயியைத்தான் காணவில்லை. "இன்னைக்குப் பாத்தா லீவு போடணும்? நேத்து சொல்லியாவது போயிருக்கலாம்லா" என்று எவாஞ்சலின் முணுமுணுத்துக்கொண்டே ஒரு பிள்ளையின் மூக்கைத் தானே துடைத்துவிட்டாள்.

அதிகாரி வந்தார். கதர்ச் சேலை கட்டின, பேச்சுக் குறைவான வடக்கத்தி அம்மாள். வேதாந்தம் அவரை மரியாதையாக அழைத்துக்கொண்டு நேரே மைதானத்துக்கே வந்துவிட்டார். எவாஞ்சலினைப் பார்த்து ஒரு சிரிப்பு. "கேளுங்கோ மேடம், இவாளையே கேளுங்கோ. அக்கம்பக்கத்துக்காரா" என்று இந்தியில் சொன்னார்.

எவாஞ்சலினின் இந்தி பாளையங்கோட்டை ராகத்தில்தான் வரும். ஆனால் அன்றைக்கு அது தங்குதடையில்லாமல் வந்தது. எங்கள் பள்ளியில் ஒரு இலை எரியவில்லை மேடம், மாலி ஒரு வாரமாக ஊரில் இல்லை என்றாள். நேற்று எரிந்தது சாம்பிராணி என்றாள். எங்கே என்று கேட்டார் அதிகாரி. சாரின் கேபினில். சென்சார் எங்கே? அதுவும் சாரின் கேபினில்தான், ஜன்னலெல்லாம் அடைத்து, காற்றைச் சுத்தம் பண்ணுகிற மிஷினுக்கு எதிரில், மாலை போட்டு. குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும் என்று சார் பயந்தார் மேடம் என்று கடைசியில் ஒன்றைச் சேர்த்தாள்.

வேதாந்தத்தின் முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி ஆயிற்று. "நீங்க... நீங்க சொன்னேளே டீச்சர்..."

"பேசுவோம்னு சொன்னேன் சார். பேசிட்டேன்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார். கேபினைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். தரை சுத்தமாக, தண்ணீர் தெளித்து இருந்தது. "இங்கே பெரிய குவியல் இருந்ததாகப் புகார் வந்திருந்ததே?"

"எடுத்தாச்சு மேடம். உத்தரவு வரதுக்கு முன்னாடியே. நேரா மறுசுழற்சி ஆலைக்கு" என்றார் வேதாந்தம், குரலே இல்லாமல்.

அதிகாரி எவாஞ்சலினைப் பார்த்தார். "அப்படியா?"

அவளுக்கு வெற்றி தலைக்கேறியிருந்த நேரம். மதில் தப்பியது, பிள்ளைகள் தப்பினார்கள், அந்த ஆள் மாட்டினான். போகட்டும், இதிலாவது பிழைத்துப் போகட்டும் என்று ஒரு தாராளம் வந்தது. "ஆமா மேடம், எடுத்துட்டாங்க. ஆலைக்குத்தான் போயிட்டு" என்றாள்.

"நல்லது. அது ஒன்றாவது ஒழுங்காக நடந்திருக்கிறதே" என்று அதிகாரி அந்த விஷயத்தை அத்தோடு முடித்தார். மற்றதற்கு சைட் கேட்டில் அரக்கு வைத்துப் பூட்டினார். பலகையை அணைத்தார்கள். வேதாந்தம் காரில் ஏறுகிறபோது, வழக்கமாக அவருக்குக் கதவு திறக்கிற வாட்ச்மேன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். எவாஞ்சலின் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினாள். கொடைக்கானல் மூடிவிட்டது என்று அறிவித்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது.

கூட்டம் கலைந்து, தாம்பாளத்து அரிசியை அள்ளிக்கொண்டிருந்தபோது வீராயி வந்தாள். தலைமுடியெல்லாம் வெள்ளைக் காரைப் பொடி. முழங்கையில் ரத்தம் காய்ந்திருந்தது. கையில் எதையோ சாக்கில் சுற்றிக் கட்டித் தூக்க முடியாமல் தூக்கி வந்து, பெஞ்சு மேல் வைத்தாள்.

"என்னக்கா இது கோலம்? காலையில இருந்து எங்க போனிய?"

"ஊட்டுச் செவுரு உழுந்துட்ச்சி டீச்சரு" என்றாள் வீராயி. "நேத்துப் பொழுது சாயச் சொல்லோ மூணு டம்பரு வந்து, எங்க சந்துக்குப் பின்னாடி, நாலாக் கரையில கொட்டிட்டுப் பூட்டானுங்க. நாங்க கத்தறோம், கூச்சல் போடறோம், டிரைவரு எறங்கவேல்ல. செவுத்து மேலயே சாச்சுட்டானுங்க. காலையில படபடன்னு ஒரு சத்தம். அந்தாண்டை கட்டில்ல எம் பேத்தி. ஒரு சாண் தள்ளிப் படுத்திருந்துது, அதான் பொழச்சிது. நாசமாப் போறவனுங்க!"

எவாஞ்சலின் அரிசித் தாம்பாளத்தைக் கீழே வைத்தாள்.

"பூஜை பண்ண வூட்டு மல்பா டீச்சரு அது. மேலாக்க வாழைமரம் கெடக்குது, குங்குமம் தடவுன பூசணிக்கா கெடக்குது. பூவு மாலைகூட. கீழ எல்லாம் நீல டைல்ஸு, பாதி உடைஞ்ச வாஷ்பேசினு. எந்தப் பாவி சாமி கும்பிட்டுட்டு எங்க தலையில கொட்டினானோ!" வீராயி சாக்கை அவிழ்த்தாள். உள்ளே அவள் மருமகளின் தையல் மிஷின். சரோஜினி நகர் கடைகளுக்கு ஆல்டரேஷன் பண்ணிக் குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றுகிற மிஷின். சக்கரம் இரண்டாக உடைந்திருந்தது, கழுத்து வளைந்திருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு மட்டும் அதன் மேல் அப்படியே இருந்தது.

எவாஞ்சலின் எத்தனை கேள்வி கேட்டிருந்தாள்! எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டாள். சென்சார் ஏன் உள்ளே என்று கேட்டாள். மூன்று டம்பர் எங்கே போகிறது என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. தன் மதிலை விட்டுப் போனால் போதும் என்று கேட்டில் நின்று வழியனுப்பினாள். போதாக்குறைக்கு, ஆலைக்குப் போய்விட்டது என்று அதிகாரி முன்னால் சாட்சியும் சொல்லிவிட்டாள். வேதாந்தம் குரங்கின் மேல் பொய் சொன்னார். இவள் வீராயியின் மேல் சொல்லிவிட்டாள், அவ்வளவுதான் வித்தியாசம். அதிகாரி அந்த விஷயத்தை முடித்துவிட்டுப் போயாயிற்று, சைட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று, அந்தக் குவியலுக்கு இனி இந்த ஊரில் சொந்தக்காரன் யாரும் இல்லை.

"ஒங்களுக்குத்தான் அந்த சாரைத் தெரியுமே" என்றாள் வீராயி. கொட்டினது யார் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. மதிலைப் பார்த்து, முட்டுக் கொடுத்திருப்பதைப் பார்த்து, அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "நம்ம ஸ்கூலு மல்பாவ சொல்லி எடுக்க வெச்சீங்க இல்ல? அவங்ககிட்ட டம்பரு இருக்குது. இதையும் ஒரு வார்த்தை சொல்லி எடுக்கச் சொல்லுங்க டீச்சரு. மீதி செவுரும் உழுந்துடும்."

எவாஞ்சலினுக்கு உண்மையைச் சொல்ல வாய் திறந்தது. வந்தது வேறு.

"பண்ணிடலாம்க்கா" என்றாள். அவள் தலை தானாகவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

வீராயி அவளையே பார்த்தாள். ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று அந்தச் சாய்ந்த தலையைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் அவள். இப்போது சிரிக்கவில்லை.

"எப்ப டீச்சரு?" என்று கேட்டாள்.